எந்தத் தீவுக்குப் போகலாம்? ஸ்கூபாவும் கடற்கரையுமாக ஒரு லீவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டைவிங் சொல்லிக்கொடுப்பவன் இல்லை, டிராவல் ஏஜெண்டும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை லீவு போட்டுவிட்டுக் கடலுக்கடியில் போய் வருகிறவன், அவ்வளவுதான். ஆபீஸ் கேன்டீன், கல்யாணப் பந்தி, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள் வருவதால் ஒருமுறை உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன. பெரும்பாலும் சென்னை, கோவைப் பக்கமிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கேட்டவை. அதனால் பேச்சு அந்தமானைச் சுற்றித்தான் இருக்கும். மற்றத் தீவுகள் தேவைப்படும் இடத்தில் வரும்.

எனக்கு நீச்சலே தெரியாது. ஸ்கூபா எல்லாம் நமக்கு ஆகுமா?

ஆகும். முதல்முறை இறங்குகிறவர்களுக்கென்றே ஒரு டைவ் இருக்கிறது. பத்து வயது முடிந்த யாரும் போகலாம். பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைக் கையில் பிடித்தபடியே கூட வருவார், அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். மேலே வருவது, கீழே போவது எல்லாம் அவர் பொறுப்பு. வாயால் மூச்சு விடுவதும், எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு. முதுகில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் இங்கே சுவாசிக்கிற அதே காற்றைத்தான் வடிகட்டி, அழுத்தி அடைத்திருப்பார்கள்.

சர்டிபிகேட் கோர்ஸ் என்றால் கதை வேறு. அதற்கு 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகம் பார்க்கமாட்டார்கள். கிணற்றில் கற்றுக்கொண்ட நீச்சலே போதும்.

ஸ்நோர்கலிங்கும் ஸ்கூபாவும் ஒண்ணுதானே?

இல்லை. ஸ்நோர்கலிங்கில் மாஸ்க்கும் குழாயும் போட்டு மேலே குப்புற மிதந்தபடி கீழே பார்க்கிறீர்கள். ஸ்கூபாவில் சிலிண்டரோடு கீழேயே போகிறீர்கள். நல்ல பவளத்திட்டு இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலேயே இருந்துவிட்டால் ஸ்நோர்கலிங்கிலேயே முக்கால்வாசி பார்த்துவிடலாம். பட்ஜெட் இடித்தால் அதற்காக வருத்தப்படாதீர்கள்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எந்தத் தீவு பெஸ்ட்?

உங்களுக்கு எந்த மாதம் லீவு? இதைக் கேட்காமல் தீவுப் பெயர் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். அதே கடல், அதே பவளம், ஜூலையில் போனால் கலங்கல் தண்ணீரில் நீட்டிய கை தெரியாது, பிப்ரவரியில் போனால் இருபது மீட்டர் தள்ளிப் போகிற ஆமை தெரியும்.

தோராயமான கணக்கு இது. அந்தமானும் லட்சத்தீவும் அக்டோபர் பாதியிலிருந்து மே பாதி வரை, அதிலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை உத்தமம். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளையும் கிட்டத்தட்ட அதே காலத்துக்குத்தான் திறக்கிறார்கள், மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடிவிடுவார்கள். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள், பெர்ஹென்தியான், தியோமான் எல்லாம், தலைகீழ்: மார்ச் முதல் அக்டோபர் வரை சரி, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழையில் கடையைச் சாத்திவிடுவார்கள். பாலியிலும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் மழையில்லாத காலம். மாலத்தீவில் வருடம் முழுக்க டைவ் போகலாம், காலத்தைப் பொறுத்துப் பார்ப்பது மாறும்.

பசங்களுக்கு மே மாசம்தான் லீவு. அந்தமான் டிக்கெட் போட்டுடலாமா?

பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் கிளம்ப முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும், வெயில்தான் கொளுத்தும். மே முதல் இரண்டு வாரம் பரவாயில்லை. அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடும், சூதாட்டம்தான். மே கடைசி வாரம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் மேலே சொன்ன மலேசியத் தீவுகளையோ, கீழே ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்ட கேள்விக்கான பதிலையோ பாருங்கள்.

அரையாண்டு லீவில் போகலாமா என்றும் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் இந்தியாவே அங்கே இருக்கும். படகில் இடம் இருக்காது, ரூம் வாடகை எகிறியிருக்கும். காலாண்டு லீவுக்கு அந்தமானை மறந்துவிடுங்கள்.

ஹேவ்லாக்கா, நீலா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2018 டிசம்பரில் அந்தமானின் ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும் நீல் ஷாஹீத் தீவாகவும் மாறின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள். டிக்கெட்டில் புதுப் பெயர், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர். பயப்படாதீர்கள், இடம் ஒன்றுதான்.

டைவிங்தான் முக்கியம் என்றால் ஹேவ்லாக். டைவ் சென்டர்கள் அதிகம், போகிற இடங்களும் அதிகம். ஆனால் ஒரு உண்மையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்ஸ்டாகிராமில் பார்க்கிற ஹேவ்லாக் வேறு, முதல்முறை இறங்குகிறவர் பார்க்கிற ஹேவ்லாக் வேறு. பாராகுடாக் கூட்டமும் வெள்ளைத்துடுப்புச் சுறாவும் வருகிற ஜானிஸ் கார்ஜ், மூன்று பாறைக் கோபுரங்களாக நிற்கும் டிக்ஸன்ஸ் பினாக்கிள், இவையெல்லாம் கரையிலிருந்து தூரம், ஆழமும் 20, 30 மீட்டர். 12 மீட்டர் வரை மட்டும் அனுமதி உள்ளவரை அங்கே இறக்கமாட்டார்கள். புதியவர்களை நீமோ ரீஃப் போன்ற கரையோர இடங்களில் இறக்குவார்கள். நீமோ மீன் நிஜமாகவே இருக்கும், ஆனால் காலையில் ஏற்கெனவே நாற்பது பேர் மிதித்துக் கிளப்பிய மணலும் இருக்கும். முதல் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு அதில் ஏறுங்கள்.

நீல் சின்னத் தீவு, சைக்கிளில் அரை நாளில் சுற்றிவிடலாம். அந்தமானுக்குக் காய்கறி விளைந்து வருகிற ஊர் என்பதால் ரோட்டின் இருபுறமும் வயலும் தோட்டமும்தான். கூட்டம் குறைவு. முதல் டைவ் ஒன்றே ஒன்று, மற்றபடி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்கிறவர்களை நான் நீலுக்குத்தான் அனுப்புவேன். ஐந்து நாள் இருந்தால் இரண்டுக்கும் போங்கள். மூன்று நாளில் இரண்டையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் பாதி லீவு படகுத்துறை வரிசையில் போய்விடும்.

நான் மட்டும்தான் டைவ் பண்றேன். மனைவிக்குத் தண்ணின்னா பயம், அம்மாவும் கூட வர்றாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க?

மாதத்துக்கு அடுத்தபடி யோசிக்க வேண்டியது இதைத்தான், பல பேர் அங்கே போய் இறங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், விஜயநகர் பக்கம், பெரும்பாலான ரிசார்ட்டுகள் இருக்கின்றன. போட்டோவில் வாசலிலேயே நீலக்கடல். அந்தப் போட்டோ கடல் ஏறியிருக்கும்போது எடுத்தது. நீர் வற்றினால் கடல் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். எதிரில் சேறும், செத்த பவளக் கல்லும், ஆங்காங்கே தேங்கிய குட்டையில் நண்டும் மட்டும் இருக்கும். என் அம்மா முதல் நாள் மத்தியானம் வராந்தாவில் வந்து நின்று, "கடல் எங்கடா?" என்று கேட்டார். ரூம் போடும் முன் அந்த நாட்களின் ஏற்றவற்ற நேரத்தைப் பாருங்கள்.

மேற்குக் கரை ராதாநகர் அப்படியில்லை. அகலமான வெள்ளை மணல், பின்னால் ஓங்கி வளர்ந்த மரங்கள், காலைக் கடிக்கிற கல் கிடையாது. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதை இன்றுவரை ஒவ்வொரு டிரைவரும் சொல்வார், சொல்லட்டும், தகுதியான இடம்தான். தண்ணீர் பிடிக்காதவர்கள் அங்கே நிழலில் உட்கார்ந்தே ஒரு பொழுதைக் கழித்துவிடலாம். ஒன்று மட்டும்: அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்குச் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போய் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. மணல் ஈ கடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றி அம்மாக்களுக்குக் கவலை இருக்கும். போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. ஹேவ்லாக் வங்காளிகள் குடியேறிய தீவு. சோறு, பருப்பு, காய் எல்லாம் கிடைக்கும், ரசம் கிடைக்காது.

லட்சத்தீவு நமக்குப் பக்கம்தானே, ஏன் யாரும் அதைச் சொல்றதில்லை?

தண்ணீர்த் தெளிவில் அந்தமானைவிட லட்சத்தீவு ஒரு படி மேல். தீவைச் சுற்றிப் பவளம் வேலி கட்டினாற்போல நிற்க, உள்ளே இடுப்பளவு ஆழத்தில் கண்ணாடி மாதிரி கடற்கழி. நீந்தத் தெரியாதவர்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான கடல் கிடையாது. கட்மட், பங்காரம் இரண்டும் டைவிங்குக்குப் பேர்போனவை.

போகிற வழிதான் இழுவை. இந்தியராக இருந்தாலும் அனுமதிச் சீட்டு வேண்டும், கொச்சி போய் அங்கிருந்து அகத்திக்குச் சின்ன விமானம் அல்லது கப்பல், தங்க இடமும் குறைவு. பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மது கிடையாது. ஊர்க்காரர்கள் இஸ்லாமியர்கள், ஊருக்குள் நீச்சல் உடையோடு நடப்பது மரியாதையாக இருக்காது. திட்டம் போட்டுச் செய்கிறவர், கூட்டம் பிடிக்காதவர் என்றால் போங்கள். போன வாரம் முடிவு செய்து இந்த வாரம் கிளம்புகிற ரகம் என்றால் வேண்டாம்.

மாலத்தீவுன்னா லட்சக்கணக்குல ஆகுமாமே?

தண்ணீர் மேல் கட்டிய வில்லாவில் தங்கினால் ஆகும். 2009-க்குப் பிறகு ஊர்மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. மாஃபுஷி, திகுரா போன்ற தீவுகளில் தங்கினால் செலவு பல மடங்கு இறங்கும். அங்கேயும் மது இல்லை, நீச்சல் உடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள்.

ஆனால் மாலத்தீவின் புகழ்பெற்ற டைவ்கள் பவளத்திட்டுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களில் நடப்பவை, நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். முதல் டைவ் செய்ய ஏற்ற இடமென்று சொல்லமாட்டேன். சர்டிபிகேட் வாங்கி இருபது முப்பது டைவ் போன பிறகு போனால் போட்ட காசுக்குப் பலன் இருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. பா அடோல் என்கிற பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு வளைகுடாவில் மே முதல் நவம்பர் வரை மாண்டா திருக்கைகள் கூட்டமாக வந்து மிதவையுயிர்களைத் தின்னும். அங்கே ஸ்கூபாவுக்கே தடை, ஸ்நோர்கலிங் மட்டும்தான். புதியவரும் பழையவரும் ஒரே மாதிரி பார்க்கலாம்.

அண்ணா, நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறம். கடல் கடந்து போகாமல் இஞ்சயே ஒரு இடம் இல்லையோ?

இருக்கிறது தம்பி. திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. 2003-லிருந்து தேசியப் பூங்கா. மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், அதாவது அந்தமான் மூடிக்கிடக்கிற அதே மாதங்கள். கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் இடுப்பளவுத் தண்ணீரிலேயே சுற்றும், ஸ்நோர்கலிங்கே போதும். வார இறுதியில் கூட்டம் பவளத்தின் மேலேயே ஏறி நிற்கும், அந்த வயிற்றெரிச்சல் வேண்டாமென்றால் வேலை நாளில், காலையில் போங்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் மே, ஜூனுக்கு இதுவே என் சிபாரிசு.

மட்டக்களப்புக்கு எதிரே 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் கிடக்கிறது. ஐம்பது மீட்டர் ஆழம். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர், அதனால் அது சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்.

ஒரு தடவை இறங்கிப் பார்த்தா போதாதா? கோர்ஸ் எதுக்கு?

ஒரு தடவையே போதும் என்றுதான் எல்லோரும் இறங்குகிறார்கள். மேலே வந்ததும் பாதிப் பேர் கோர்ஸ் விலை கேட்கிறார்கள். அந்தப் பாதியில் நீங்கள் இருப்பீர்கள் என்று தோன்றினால் முதல் நாளே கேட்டுவிடுங்கள், அன்றைய டைவையே கோர்ஸில் சேர்த்துக்கொள்கிற சென்டர்கள் உண்டு. ஓப்பன் வாட்டர் என்கிற முதல் சர்டிபிகேட் கோர்ஸ் மூன்று நான்கு நாள், 18 மீட்டர் வரை போக உரிமை, உலகம் முழுக்கச் செல்லும். 30 மீட்டருக்கு அடுத்த கோர்ஸ் வேண்டும்.

லீவு நாளை வகுப்பில் கழிக்க மனமில்லையென்றால், பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் புதுச்சேரியிலோ சென்னையிலோ வாரக்கடைசிகளில் முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவை மட்டும் தீவில் செய்யலாம். இரண்டு சென்டரும் ஒரே அமைப்பின் கீழ் இருந்தால் காகித வேலை சுலபம். கோர்ஸ் மலிவு என்பதற்காகவே தாய்லாந்தின் கோ டாவுக்குப் போகிறவர்கள் உண்டு. மலிவுதான், ஆனால் விமானச் செலவையும் கூட்டிப் பாருங்கள். தனியாக, பத்து நாள் லீவோடு போகும் இளைஞருக்குக் கட்டுபடியாகும். குடும்பத்தோடு என்றால் ஆகாது.

காது ரொம்ப வலிக்கும்னு சொல்றாங்களே?

சரியாகச் செய்தால் வலிக்காது. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், காதுக்குள் இருக்கிற காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும், செவிப்பறை உள்ளே இழுபடும். அதற்கு முன்பே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூக்குக்குள் ஊத வேண்டும். 'டப்' என்று சின்னச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யுங்கள், வலி வந்த பிறகு செய்தால் தாமதம். திறக்கவில்லையென்றால் கையால் சைகை காட்டி ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி ஊதுங்கள்.

ஜலதோஷத்தோடு இறங்கவே கூடாது. நான் இறங்கியிருக்கிறேன், நீல் தீவில், காசு கட்டிவிட்டோமே என்று. ஐந்து மீட்டரில் புருவத்துக்குள் ஊசி ஏற்றுவதுபோல இருந்தது, அப்போதும் விடாமல் ஊதினேன். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே சளியும் ரத்தமும். மீதி மூன்று நாளும் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்கிற ஆமைக் கதையைக் கேட்டேன்.

ஆஸ்துமா இருக்கு, பி.பி. மாத்திரை போடறேன். ஃபார்ம்ல 'இல்லை'ன்னு டிக் பண்ணிடவா?

பண்ணாதீர்கள். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை, இதில் எது இருந்தாலும் ஊரிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போய் 'ஆமாம்' என்று டிக் செய்தால் நல்ல சென்டர் இறக்கமாட்டார்கள், 'இல்லை' என்று டிக் செய்தால் கீழே உங்களுக்கு என்ன ஆகிறதென்று பயிற்றுநருக்குப் புரியாது. கர்ப்பிணிகள் டைவ் செய்யக் கூடாது. மாதவிலக்கு தடையில்லை. கிட்டப்பார்வைக்குப் பவர் மாஸ்க் கிடைக்கும், எண் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முதலை இருக்காமே? சுறா கடிச்சா?

சுறா உங்களைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும், பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். முதலை விஷயம் நிஜம். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-ல் ராதாநகர்ப் பக்கம் ஸ்நோர்கலிங் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரை முதலை கொன்றது. ஓடைகள் கடலில் சேருமிடம், சதுப்புநிலக் காட்டோரம், பொழுது சாய்ந்த நேரம், இவற்றைத் தவிருங்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

டைவ் சென்டர் நல்லதா, டுபாக்கூரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒரு பயிற்றுநர் எத்தனை புதியவர்களைக் கூட்டிப் போவார்?" ஒன்று என்றால் நல்லது, இரண்டு என்றால் யோசிக்கலாம். ஒரு தீவில், பெயர் வேண்டாம், ஒருவர் நான்கு பேரைக் கூட்டிப்போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு பேரைக் கையில் பிடித்திருந்தார், மூன்றாமவர் அவருடைய சிலிண்டரைப் பிடித்திருந்தார், நான்காமவர் ஒரு பவளத்தைப் பிடித்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்கள் நேரம்.

மருத்துவப் படிவம் கொடுக்காத இடம், ஆழமில்லாத தண்ணீரில் மூச்சுப் பயிற்சி தராமல் நேரே இறக்குகிற இடம், இரண்டையும் விட்டுவிடுங்கள். படகில் அவசர ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று பாருங்கள், அது நிஜமான ஆக்ஸிஜனாக இருக்க வேண்டும். விலை கேட்கும்போது படகிலா கரையிலிருந்தா, தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், போட்டோ சேர்த்தா என்று கேட்டு ஒப்பிடுங்கள். பாதி விலை சொல்கிறவர் பெரும்பாலும் பாதி நேரத்தில் மேலே கொண்டுவந்துவிடுவார்.

பவளமெல்லாம் செத்துப்போச்சாமே, இனிமே போய் என்ன பார்க்கறது?

பாதி உண்மை. 2010-ல் கடல் சூடேறி அந்தமானில் ஏராளமான பவளம் வெளுத்தது, அதன் பிறகும் அப்படி நடந்திருக்கிறது. ஆழமற்ற இடங்களில் சாம்பல் நிறக் கல்லாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். வெளிறிப் போய்விட்டது என்று போட்டோவை வைத்து மட்டும் சொல்லாதீர்கள். ஐந்தாறு மீட்டருக்குக் கீழே தண்ணீரே சிவப்பு நிறத்தை விழுங்கிவிடும், டார்ச் அடித்தால் அதே பாறையில் குங்குமச் சிவப்பு தெரியும். ஆழமான இடங்களில் மீன் கூட்டத்துக்குக் குறைவில்லை.

செத்த பவளத் துண்டோ சங்கோ ஒன்றே ஒன்று எடுத்து வரலாமா என்பது இதோடு ஒட்டி வரும் கேள்வி. கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

கடைசி நாள் காலைல ஒரு டைவ், மதியம் ஃப்ளைட். ஓகேதானே?

ஓகே இல்லை. கீழே இருக்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழாகிவிடலாம். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் குறைந்தபட்ச இடைவெளி. நான் 24 என்று வைத்துக்கொள்கிறேன். ஹெலிகாப்டரும், மாலத்தீவின் கடல்விமானமும் இந்தக் கணக்கில் வரும். ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேர் வரும் படகு வராது, அது கடல் மட்டத்திலேயே போகிறது. விமானத்தில் வந்து இறங்கிய அன்றே டைவ் செய்வதிலும் தவறில்லை.

திடீர்னு புயல் வந்து படகு கேன்சல் ஆயிட்டா?

ஆகும். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேராமல் இருக்கலாம், அதையும் படித்துப் பாருங்கள்.

நான் போடுகிற திட்டம் ஆறு நாளுக்கு இப்படி: முதல் நாள் காலை சென்னையிலிருந்து விமானம், மதியப் படகில் ஹேவ்லாக். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்கள் அங்கே. ஐந்தாம் நாள் படகில் போர்ட் பிளேர் திரும்பி இரவு அங்கே தங்கல். ஆறாம் நாள் விமானம். முந்தைய கேள்வியில் சொன்ன 24 மணி நேரமும் கழிந்துவிடும், படகு ஒரு நாள் ஓடாவிட்டாலும் விமானம் தப்பாது. எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டால், கடல் எங்கே என்று கேட்ட அம்மாவுக்கு அந்த ஐந்தாம் நாள் சாயங்காலம் செல்லுலார் சிறையும் ஒரு தமிழ் மெஸ்ஸில் ரசமும்.